மூன்று வருட மாடித்தோட்டம்: கோகோபீட்டும் மடிப்பாக்கத்து உப்புத் தண்ணீரும்

2022 ஏப்ரலில் சென்னை மடிப்பாக்கம் வீட்டு மொட்டைமாடியில் பத்துப் பைகளோடு ஆரம்பித்தேன். அதற்கு முன் நான் வளர்த்தது துளசி மட்டும்தான், அதற்கும் தண்ணீர் ஊற்றியது மனைவி. மெல்லிய குரோ பேக் (செடி வளர்க்கும் பை) பத்து, கோகோபீட் எனும் தேங்காய் நார்த்தூளை அழுத்திய 5 கிலோ கட்டி இரண்டு, மண்புழு உரம், ஐந்தாறு விதைப் பொட்டலம் என்று எல்லாம் சேர்த்து இணையத்தில் வாங்கினேன். மண் தேவையே இல்லை, எடை குறைவு, மாடிக்குப் பாரமில்லை என்று போட்டிருந்தார்கள். எடை விஷயத்தில் அவர்கள் சொன்னது உண்மைதான்.

அம்மாவுக்குச் செய்யாறு பக்கம் ஒரு கிராமம். பைகளைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "மண்ணே இல்லாம என்னடா செடி? அதுவும் இந்தச் சித்திரை வெயில்ல?" என்றார். எனக்கு அன்றைக்கு அது பழைய காலத்துப் பேச்சாகப் பட்டது.

கட்டியைத் தண்ணீரில் போட்டதும் அது ஊதிப் பெருகுவதைப் பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. 5 கிலோ கட்டி ஒன்று எழுபது லிட்டருக்குக் குறையாமல் வரும். ஆனால் அதை இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்த பிறகுதான் பையில் போட வேண்டும், ஏனென்றால் தேங்காய் மட்டையின் உப்பு அதற்குள்ளேயே இருக்கும். நான் ஒருமுறைகூட அலசவில்லை. கீரை முளைத்து இரண்டு இலை விட்டு, அப்படியே நின்றது. தக்காளி நன்றாக வளர்ந்து ஜூனில் கொத்துக் கொத்தாகப் பூத்தது. ஒரு பூகூடப் பிஞ்சாகவில்லை. காலையில் போய்ப் பார்த்தால் காம்போடு உதிர்ந்து கிடக்கும். பகலில் 38 டிகிரி, ராத்திரியும் சூடு குறையாத ஊரில் தக்காளிப் பூ நிற்காது என்பதை அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். உரம் போதவில்லை என்று நினைத்து அதுவரை மண்புழு உரத்தைக் கொட்டிக்கொண்டே இருந்தேன்.

கோகோபீட்டைப் பற்றி எனக்கு இருக்கும் பெரிய குறை வேறு. தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்து வைக்கும் என்பது சரி, ஆனால் ஒருமுறை முழுசாகக் காய்ந்துவிட்டால் லேசில் தண்ணீரை உள்ளே வாங்காது. இரண்டு நாள் ஊருக்குப் போய்விட்டு வந்து ஒரு வெண்டைப் பைக்கு ஒரு குவளை தண்ணீர் ஊற்றினேன். ஓரமாக இறங்கி அடி ஓட்டை வழியாக அத்தனையும் வெளியே வந்துவிட்டது. விரலை உள்ளே விட்டால் மரத்தூள் மாதிரி பொலபொலவென்று இருந்தது. பக்கெட்டில் பையோடு அமுக்கி அரை மணி நேரம் ஊற வைத்த பிறகுதான் ஈரம் ஏறியது. செடி பிழைக்கவில்லை.

இரண்டாவது வருடம் கலவையை மாற்றினேன். செம்மண் இரண்டு பங்கு, தொழு உரம் ஒரு பங்கு, கோகோபீட் ஒரு பங்கு, பைக்கு இரண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. மெல்லிய பைகள் இரண்டாவது கோடையிலேயே மடிப்பு வழியாகக் கிழிந்துவிட்டன. பதிலாக வாங்கிய பச்சை நிற எச்.டி.பி.ஈ. (கெட்டி பிளாஸ்டிக்) பைகள், 15க்கு 15 அங்குலம், இன்றுவரை ஒரு தையல்கூட விடவில்லை. ஒன்றுக்கு நூறு ரூபாய்க்கு மேல் ஆனது. முதலிலேயே இதை வாங்கியிருக்கலாம்.

சரி, கலவை மாறியும் அவரைச் செடி இலைகளின் ஓரம் கருகுவது நிற்கவில்லை. பையின் மேல்பரப்பில் வெள்ளையாக ஒரு படலம், நகத்தால் சுரண்டினால் செதிலாகப் பெயரும். எங்கள் போர் தண்ணீர் உப்பு. ஆர்.ஓ. மெஷின் ரிப்பேருக்கு வந்தவர் மீட்டரை விட்டுப் பார்த்து டி.டி.எஸ்., அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவு, 1,400க்கு மேல் என்றார். அதைவிடக் கொடுமை, அந்த மெஷினிலிருந்து வெளியேறும் தண்ணீரை வீணாக்க வேண்டாமே என்று பிடித்துத்தான் ஒன்றரை வருடமாகச் செடிகளுக்கு ஊற்றிக்கொண்டிருந்தேன். நாங்கள் குடிக்காமல் பிரித்தெடுத்த உப்பு மொத்தமும் அதில்தானே இருக்கும்!

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. 3ஆம் தேதி ராத்திரி தொடங்கி மறுநாள் முழுக்கப் பெய்த மழையில் மாடிப்பக்கமே போக முடியவில்லை. பைகளை நேராகத் தரையில் வைத்திருந்ததால் அடி ஓட்டைகள் அடைத்துக்கொண்டு தண்ணீர் உள்ளேயே தேங்கிவிட்டது. நான்கு கத்தரிச் செடிகள் வேரழுகிச் செத்தன. தெருவில் முழங்கால் தண்ணீர் நின்ற நேரத்தில் கத்தரிச் செடிக்காக வருத்தப்படுவது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் பைகளைச் சாய்த்து வடிய விட்டு, பிழைத்தவற்றைச் செங்கல் மேல் ஏற்றிய பிறகு நடந்ததைத்தான் சொல்ல வேண்டும். வெள்ளைப் படலம் காணோம். குன்றிப்போயிருந்த மிளகாய் தை மாதத்தில் புதுத் துளிர் விட்டு, அதுவரை காணாத அளவுக்குக் காய்த்தது. அந்த மழை உப்பை அலசிக்கொண்டு போயிருந்தது.

அதிலிருந்து ஆர்.ஓ. கழிவுநீர் கழிப்பறைக்கு. கோடையில் ஏசியிலிருந்து சொட்டுவதைப் பக்கெட்டில் பிடிக்கிறோம், அதில் உப்பே கிடையாது, ராத்திரிக்கு ஒரு பக்கெட் தேறும். ஐந்தாறு பைக்குப் போதும். மழைக்காலத்தில் மாடிக் குழாய்க்கு அடியில் டிரம். போர் தண்ணீர்தான் கதி என்றால், வாரம் ஒருமுறை அடியில் நன்றாக வடியும்வரை ஊற்றிவிடுகிறேன்.

பூச்சியைப் பற்றி எழுதினால் முடியாது. மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, கொஞ்சம் சோப்புக் கரைசல், வெயில் தாழ்ந்த பிறகு தெளித்தால் கேட்கிறது. கத்தரித் தண்டுத்துளைப்பானுக்கு அது எடுபடவில்லை. நுனிக் குருத்து மட்டும் வாடித் தலைசாய்ந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். பிளேடால் நெடுக்காகக் கீறிப் பார்த்தேன். எச்சம் அடைத்த சின்னச் சுரங்கம், அதன் முடிவில் இளஞ்சிவப்பாக ஒரு புழு, அரிசி நீளம்தான். இப்போது வாடிய நுனியைக் கண்டவுடன் ஒரு விரல் தள்ளிக் கீழே வெட்டிக் கசக்கிவிடுகிறேன்.

பீர்க்கை எங்களை ரொம்ப நாள் ஏமாற்றியது. மஞ்சள் மஞ்சளாகப் பூக்கும், ஒன்றும் காய்க்காது. முதலில் வருவதெல்லாம் ஆண் பூ என்று தெரியாமல் மனைவி ஒரு மாதம் எண்ணிக்கொண்டிருந்தாள். பெண் பூ வந்தால் இதழுக்குக் கீழே விரல் நகம் அளவில் வரி விழுந்த பீர்க்கையே இருக்கும். அது மலர்வது சாயங்காலம், எங்கள் மாடிக்கு அந்த நேரத்தில் வண்டு வருவதில்லை. அதனால் ஆறு மணிக்கு மேல் ஆண் பூவைப் பறித்து, இதழை மடித்துவிட்டு, மகரந்தத்தைப் பெண் பூவில் தடவ வேண்டும். நான் ஆபீசிலிருந்து வர ஏழரை ஆகும் என்பதால் அது அவள் வேலை. போன ஆவணியில் நடுவிரல் முதல் முழங்கை வரை நீளமாக ஒரு காய். அதன் தோலையும் விடாமல் துவையல் அரைத்தோம்.

காசுக் கணக்குப் பார்த்தால் கட்டுப்படியாகாது. மூன்று வருடத்தில் பதினோராயிரத்துக்கு மேல் போட்டிருக்கிறேன், அதில் பாதி முதல் ஆறு மாதத்தில் போனது. கீரை, மிளகாய், கறிவேப்பிலை மூன்றுக்கும் இப்போது கடைக்குப் போவதில்லை. வெண்டை ஐந்து செடி இருந்தால் வாரம் ஒரு பொரியலுக்கு வரும். தக்காளியில் பாதி அணிலுக்கு.

இப்போது பதினான்கு பை. விதையை ஆடியில்தான் போடுகிறேன், அம்மா கேலி செய்வதில்லை. தக்காளி மட்டும் ஐப்பசியில் நாற்று விட்டு, தை மாசியில் காய் எடுக்கிற மாதிரி. பழைய கோகோபீட் ஒரு மூட்டை மிச்சம் இருந்தது. அதை அம்மா கீழே வாழைக்கு மூடாக்குப் போட எடுத்துக்கொண்டு போய்விட்டார்.