ஹைட்ராலஜி ஆன்லைன் மாஸ்டர்ஸ்: படிச்சு முடிச்சவன் சொல்லுதேன், கேட்டுக்கிடுங்க

அமெரிக்கால உள்ள ஒரு யூனிவர்சிட்டி ஆன்லைன்ல நடத்துற ஹைட்ராலஜி அண்ட் வாட்டர் செக்யூரிட்டி (நீரியல், தண்ணிப் பாதுகாப்பு) மாஸ்டர்ஸ், பாளையங்கோட்டையில வேலை பாத்துக்கிட்டே முடிச்சேன். ஆபீஸ்ல உள்ள பயலுவளும் சொந்தக்காரங்களும் அண்ணே சேரலாமா, துட்டுக்கு ஒர்த்தான்னு மாத்தி மாத்திக் கேக்குறாங்க, அதான் ஒரே எடத்துல எழுதிப் போட்டுருதேன். யூனிவர்சிட்டி பேரு சொல்லல, கீழ கொஞ்சம் குறையும் சொல்லப்போறேன். மார்க் போடச் சொன்னா அஞ்சுக்கு மூணரை. தண்ணி சம்பந்தமா ஏற்கனவே சோலி பாக்குற ஆளுக்கு ரொம்பப் பிரயோஜனம், பிஇ சிவில் முடிச்ச கையோட இத வச்சு வேலை கெடைக்கும்னு சேர்ற பையனுக்கு துட்டுக்குப் புடிச்ச கேடு.

மொத்தம் 30 கிரெடிட். மேல்மட்ட நீர், நிலத்தடி நீர், ஜிஐஎஸ்னு சொல்லுத கம்ப்யூட்டர் வரைபடம், கம்ப்யூட்டர் மாடலிங், தண்ணிச் சட்டமும் பாலிசியும், கடைசியில ஒரு ப்ராஜெக்ட். தண்ணித் தரம் பத்தியும் ஒரு பேப்பர் உண்டு, அது நம்ம காலேஜ்ல படிச்ச என்விரான்மென்டல் இன்ஜினியரிங் தான், புதுசா ஒண்ணும் இல்ல.

மொத டெர்ம்லயே புடிச்சுப்போச்சு. உள்ள வாரது எம்புட்டு, வெளிய போறது எம்புட்டு, மிச்சம் எங்க நிக்கி, இம்புட்டுதான் பாடம், ஆனா ஒவ்வொரு நம்பருக்கும் பக்கத்துல எவ்வளவு பிசகு இருக்கும்னு சேத்து எழுதலன்னா மார்க் போயிரும். நம்ம ஊர்ல பேப்பரத் தொறந்தா டேம் மட்டத்ததான் மொதல்ல பாப்போம், பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118, இதுல இன்னைக்கு எத்தன அடின்னு டீக்கடையில எல்லாவனுக்கும் மனப்பாடம். அடி தெரிஞ்சா தண்ணி தெரிஞ்சதா ஆயிராது, ஏன்னா அணை அடியில குறுகி மேல போகப்போக விரியுது, 40லருந்து 43க்கு ஏறுத மூணு அடியும் 140லருந்து 143க்கு ஏறுத மூணு அடியும் ஒரே தண்ணி கிடையாது, மேல உள்ள மூணு அடியில பல மடங்கு தண்ணி நிக்கும். அதே மாதிரி ஆத்துல ஸ்கேல்ல மட்டத்தப் பாத்து இத்தன கியூசெக்னு சொல்லுதாங்கள்ல, அதுக்குப் பின்னாடி இந்த மட்டத்துக்கு இம்புட்டுத் தண்ணின்னு காட்டுற ரேட்டிங் கர்வ்னு ஒரு கோடு இருக்கு, மணல் அள்ளி ஆத்துப்படுக எறங்கிட்டா அந்த கர்வே தப்பாயிரும், பழசையே வச்சுக் கணக்குப் போட்டா நம்பர் பொய் சொல்லும். இதெல்லாம் பிஇல சொல்லித்தரலயான்னா, ஒரு வரியில சொன்னாங்க, பரீட்சைக்கு எழுதுனோம், விட்டுட்டோம்.

வெள்ளக் கணக்கு பாடம்தான் இந்தக் கோர்ஸ்லயே எனக்கு டாப். நூறு வருஷத்து வெள்ளம்னா நூறு வருஷத்துக்கு ஒருக்கா வரும்னு அர்த்தம் இல்ல, ஒவ்வொரு வருஷமும் நூத்துல ஒரு பங்கு வாய்ப்பு, அம்புட்டுதான். அப்போ 30 வருஷ லோன்ல ஆத்தங்கரையில வீடு கட்டுதவனுக்கு அந்த 30 வருஷத்துல ஒரு தடவையாவது அந்த வெள்ளம் வர வாய்ப்பு கிட்டத்தட்ட 26 சதவீதம், நாலுல ஒண்ணுக்கும் மேல. நான் 2023 டிசம்பர் மழைய வச்சே அசைன்மென்ட் போட்டேன். காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர், தூத்துக்குடி மாவட்டத்துக்கு வருஷம் முழுசும் பெய்யுத சராசரியே அதவிடக் கம்மி. அந்த ஒரு புள்ளிய சேத்து கிராஃப் போட்டா ஒரு விடை, சேக்காமப் போட்டா வேற விடை. எது சரிங்கன்னு ப்ரொபசர்ட்ட கேட்டேன், ரெண்டையும் காட்டு, எதை வச்சுப் பாலம் கட்டப்போறன்னு காரணத்தோட எழுதுன்னுட்டாரு. மழை மலைமேல மட்டும் பெஞ்சிருந்தா அணையாவது கொஞ்சம் புடிச்சு வச்சிருக்கும், அன்னைக்கு அணைக்குக் கீழ சமவெளியிலயும் கொட்டித் தீத்துட்டு, குளமெல்லாம் ஒடைஞ்சு அந்தத் தண்ணியும் சேந்து வந்துச்சு. டேமத் தொறந்ததாலதான் எல்லாம்னு இன்னமும் பேசிக்கிட்டிருக்க ஆட்களுக்கு அந்தக் கணக்கக் காட்டணும்.

இப்போ குறைக்கு வருவோம். மாடலிங் பேப்பர்ல ஹெச்இசி-ஹெச்எம்எஸ்னு, பெய்யுற மழையில ஆத்துக்கு எம்புட்டு தண்ணி வரும்னு கணக்குப் போடுற ஒரு சாப்ட்வேர், அமெரிக்க ராணுவ இன்ஜினியர்கள் தயாரிச்சு இலவசமாக் குடுக்கது, நல்ல சாமான். அதுல மழை விழுற நிலம், ஆறு, அணை, கால்வாய் பிரியுற எடம் எல்லாத்துக்கும் டப்பா இருக்கு. நம்ம குளத்துக்கு இல்ல. நம்ம பக்கம் எப்படின்னா, தாமிரபரணி ஆத்துல அணைக்கட்டு, கோடைமேலழகியான்ல ஆரம்பிச்சு ஸ்ரீவைகுண்டம் வரைக்கும் எட்டு, அதுலருந்து கால்வாய், கால்வாய்லருந்து குளம், ஒரு குளம் நெறைஞ்சு மறுகால் பாஞ்சா அடுத்த குளம் நெறையும், அதுக்கு நடுவுல மடை வழியா வயலுக்குப் போற தண்ணி, வயல்லருந்து வடியுற தண்ணி திரும்பக் கீழ்க்குளத்துக்கு. நான் பாளையங்கால்வாய்ல ஒரு துண்ட எடுத்து ஒவ்வொரு குளத்தையும் குட்டி அணையா மாடல் போட்டு அனுப்புனேன். பேப்பர் திருத்துற அசிஸ்டென்ட் ஓரத்துல ஒரே ஒரு கேள்வி எழுதியிருந்தாரு: இத இயக்குற விதி எங்க? நான் எங்ஙன போவேன்? கார் பருவ நெல்லுக்கு நாத்துப் பாவுனா மடைய இம்புட்டு தூக்கணும், பிசானப் பருவத்துக்கு இம்புட்டுன்னு அது மடை திறந்து அடைக்கிற ஆளு மண்டைக்குள்ளல்ல இருக்கு. ஒருத்தர்ட்ட போயி அண்ணாச்சி எம்புட்டு தூக்குவியன்னு கேட்டா, வெரல மடக்கி ரெண்டு சாண்னு காட்டுதாரு. அத சென்டிமீட்டராக்கி அனுப்புனேன், முழு மார்க் குடுத்துட்டாங்க, ஆனா அந்தப் பாடத்துல சங்கிலித்தொடர் குளம் பத்தி ஒரு வரி கெடையாது. தென்தமிழ்நாடு, இலங்கைன்னு இம்புட்டுப் பெரிய ஏரியாவுல தண்ணியே இப்படித்தான் ஓடுது, அத விட்டுட்டு பனி உருகி ஆத்துல வாரதுக்கு மட்டும் மூணு வாரம். பனிய நான் எங்க போயி அளக்க, மாஞ்சோலை மலையிலயா?

நிலத்தடி நீர் பேப்பர்லயும் அதே கததான். மணல் வழியா தண்ணி எம்புட்டு ஓடும்னு டார்சி 1856ல கண்டுபிடிச்ச விதியில ஆரம்பிச்சு மணல் அடுக்கு, வண்டல் அடுக்குன்னு அழகாப் போகுது, பாறைப் பூமிக்கு வந்தா ஒரே வாரத்துல முடிச்சுட்டாங்க. நம்ம மாவட்டத்துல பெரும்பகுதி கடும்பாறை, வெடிப்பு இருக்க எடத்துல போர் போட்டா தண்ணி, நாலு அடி தள்ளிப் போட்டா வெறும் புழுதி. ஆனா ஒண்ணு, சுண்ணாம்புப் பாறைப் பாடம் எனக்கு நேரா உபயோகப்பட்டுச்சு. திசையன்விளை பக்கம் ஆயன்குளத்துல ஒரு கெணறு இருக்குல்லா, வெள்ளத்தண்ணிய நாள்கணக்கா உள்ள விட்டாலும் நெறையாம வாங்கிக்கிட்டே கெடந்துச்சே, ஊரே அதிசயக் கெணறுன்னு பாக்கப் போச்சு, சென்னை ஐஐடிக்காரங்களும் வந்து ஆராய்ச்சி பண்ணாங்க. அடியில சுண்ணாம்புப் பாறை கரைஞ்சு குகையாட்டம் பாதை விழுந்திருக்கும்ங்கறதுதான் விஷயம். அப்படிப்பட்ட எடத்துல தண்ணி மண்ணுல வடிகட்டி எறங்குறதில்ல, நேரா ஓடிரும், அதனால மேல உள்ள அழுக்கும் அப்படியே போயி பக்கத்து ஊர் கெணத்துல நிக்கும். தண்ணிய உள்ள விடுங்கன்னு சொல்லுததுக்கு முன்னாடி அந்தத் தண்ணி என்ன தண்ணின்னு பாக்கணும். பாளையங்கால்வாய் மேலப்பாளையம் தாண்டும்போது எம்புட்டு அழுக்கா இருக்கும்னு நம்மளுக்குத் தெரியாதா.

சட்டமும் பாலிசியும் வெட்டிப் பேச்சா இருக்கும்னு நெனச்சேன், பரவாயில்ல. கொலராடோ ஆத்த 1922ல மேல் மாநிலங்களுக்கு பாதி, கீழ் மாநிலங்களுக்கு பாதின்னு எழுதி பிரிச்சாங்க, மொத்தம் நம்ம கணக்குல 650 டிஎம்சிக்கு மேல. அந்த சமயம் பாத்து நல்ல மழைக்காலம், அத சராசரின்னு எடுத்துட்டாங்க, பெறவு பழைய மரத்தோட வளையத்த எண்ணிப் பாத்தா ஆத்துல நீண்டகால சராசரி அம்புட்டு கெடையாது. நூறு வருஷம் கழிச்சும் அந்தச் சண்ட முடியல. இதப் படிச்சுட்டு நம்ம தாமிரபரணி கருமேனியாறு நம்பியாறு இணைப்புத் திட்டத்துல உபரி உபரின்னு சொல்லுதாங்கள்ல, அது எந்த வருஷத்து உபரி, எத்தன வருஷத்துல எத்தன நாள் ஓடும்னு கேக்கத் தோணும். சாத்தான்குளம், திசையன்விளை செம்மணல் தேரிக்காட்டுக்கு வெள்ளத்தண்ணி போகட்டும், நான் வேணாம்ங்கல, ஆனா ஸ்ரீவைகுண்டம் தென்கால், வடகால்ல கடைசிக் குளத்துக்காரனும் அதே ஆத்ததான் பாத்துக்கிட்டு இருக்கான். தலைக்கு வருஷம் 1700 கியூபிக் மீட்டருக்குக் கொறஞ்சா நெருக்கடி, 1000க்குக் கொறஞ்சா பஞ்சம்னு ஒரு அளவுகோலும் சொல்லித்தாராங்க. அதுல எனக்குப் பெரிய மதிப்பு இல்ல, நெல்லை, தூத்துக்குடி ரெண்டு மாவட்டத்துக்கும் சேத்து ஒரு நம்பர் போட்டா தண்ணி உள்ள கல்லிடைக்குறிச்சியும் காஞ்ச உடன்குடியும் ஒண்ணாயிரும்.

டேட்டா விஷயத்துல வயித்தெரிச்சல். அமெரிக்கால ஏதோ பேரு தெரியாத ஓடைக்குக்கூட கால்மணி நேரத்துக்கு ஒருக்கா எடுத்த அளவு, வீட்டுல உக்காந்து டவுன்லோடு பண்ணிக்கிடலாம், பாஸ்வேர்டும் கெடையாது. இங்க ஒரு கால்வாயோட பழைய கியூசெக் கணக்குக்கு ஒரு ஆபீஸ் படியேறுனேன், எதுக்குன்னு கேட்டாங்க, படிப்புக்குன்னேன், லெட்டர் கொண்டாங்கன்னாங்க, லெட்டர் கொண்டுபோனா அந்த சாரு லீவு. ஆத்துக்கு முறப்பநாட்டுல மத்திய நீர் ஆணையம் அளக்குது, அது ஒண்ணு உருப்படியாக் கெடைச்சதால ப்ராஜெக்ட் தப்பிச்சுது.

சேர்றவங்க கவனிக்க வேண்டியது: நேரடி கிளாஸ் அங்க சாயங்காலம் ஏழு மணின்னா நமக்கு விடியக்காலம் நாலரை, நவம்பர்ல அவங்க கடிகாரத்த மாத்துனா அஞ்சரை. ரெக்கார்டிங் உண்டு, ஆனா குரூப் வொர்க்குக்கு அந்த நேரத்துல லைவ்ல இருக்கணும். பரீட்சைக்கு கேமரா வச்சுக் கண்காணிக்கிறாங்க, நடுவுல கரண்ட் போயி நெட் கட்டானதுக்கு சந்தேகம்னு குறிச்சுவச்சு, நான் விளக்கம் எழுதி, அவங்க பதில் போட ஒரு பாடு நாளாச்சு. அதனால இன்வெர்ட்டர் இல்லாம உக்காராதீங்க. பீஸ் டாலர்ல, டெர்முக்கு டெர்ம் ரேட் ஏறும், லோன் போட்டுப் படிக்கிற அளவுக்கு இல்லன்னுதான் நான் சொல்லுவேன். கவர்மென்ட் வேலைக்கு இந்த டிகிரி செல்லுமான்னு ஈக்விவலன்ஸ் (இங்க உள்ள டிகிரிக்குச் சமம்ங்கற) விவரத்த எழுத்துல வாங்கிட்டு சேருங்க, ஏன்னா நம்ம நாட்டுல யூஜிசி விதிப்படி இன்ஜினியரிங்க ஆன்லைன்ல நடத்தவே அனுமதி கெடையாது. முழுநேரமாப் படிக்க முடியும்னா கிண்டியில அண்ணா யூனிவர்சிட்டி நீர்வள மையத்துலயே எம்இ இருக்கு, குளம் கம்மாய் எல்லாம் அங்க ஒழுங்கா சொல்லித்தருவாங்க.

சேரலாமா வேண்டாமான்னு கொழப்பமா இருந்தா மொதல்ல ஐஐடிக்காரங்க நடத்துற என்பிடெல் ஆன்லைன் தளத்துல ஒரு ஹைட்ராலஜி கோர்ஸ் பாருங்க, பாக்க காசு கெடையாது, சர்டிபிகேட் பரீட்சைக்குத்தான் பீஸ். அந்த அசைன்மென்ட்ட வாராவாரம் முடிக்க முடிஞ்சா இதையும் முடிச்சிருவிய. அப்புறம் லேப்டாப் வாங்கப்போறவங்க மேக் வாங்கிராதீங்க, வெள்ளம் எங்க வரைக்கும் பரவும்னு பாக்குற ஹெச்இசி-ராஸ் விண்டோஸ்லதான் ஒழுங்கா ஓடும், 16 ஜிபி ரேமாவது போட்டுக்கிடுங்க.