விழுங்குவதா, விட்டுவைப்பதா?

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கத்தில் உம்லாங்காவில் நான் வேலை பார்க்கும் கம்பெனியை ஒரு ஐரோப்பியக் கம்பெனி வாங்கிய முதல் மாதம் வந்த பெரிய சண்டை சம்பளத்துக்காக இல்லை, 'ஜஸ்ட் நவ்' என்ற சொல்லுக்காக. இந்த ஊரில் அதற்கு 'அப்புறம் பார்க்கலாம்' என்று அர்த்தம், சாயங்காலமும் ஆகலாம். கொஞ்சம் சீக்கிரம் என்றால் 'நவ் நவ்'. இது தெரியாத புது மேனேஜர், ரிப்போர்ட் 'ஜஸ்ட் நவ்' வரும் என்று கேட்டுவிட்டு நாற்பது நிமிஷம் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பாவம்.

ஒரு கம்பெனி இன்னொன்றை வாங்கும்போது வரும் இந்தப் பழக்கவழக்க மோதலைச் சமாளிக்க, வாங்கியவன் வழக்கத்தையே எல்லோர் தலையிலும் கட்டலாம், இல்லை வாங்கியதை அதன் போக்கில் விட்டுவைக்கலாம். ஏபி இன்பெவ் என்ற பெல்ஜியத்து பீர் கம்பெனி 2016 அக்டோபரில் எஸ்ஏபிமில்லரை வாங்கியது முதல் ரகம். எஸ்ஏபிமில்லரும் 1895ல் தென்னாப்பிரிக்காவில் வேர்விட்ட பீர் கம்பெனிதான். அந்தப் பெயரே போய்விட்டது. ஒவ்வொரு வருஷமும் பட்ஜெட்டைப் பூஜ்யத்திலிருந்து போட்டு, பேனா வாங்கினாலும் காரணம் கேட்பது வாங்கியவர்கள் பாணி. யார் பேச்சு செல்லும் என்று முதல் நாளே தெரிந்துவிடும், அது ஒரு நிம்மதிதான். ஆனால் இங்கே போட்டிச் சட்டம் வேலைவாய்ப்பையும் பார்க்கும். இணைப்பைக் காரணம் காட்டி ஆட்குறைப்பு செய்ய மாட்டோம் என்று அவர்கள் வாக்குக் கொடுக்க வேண்டியிருந்தது, 100 கோடி ராண்ட் (இந்த ஊர்ப் பணம்) நிதியும் ஒதுக்கினார்கள். பிடிக்காத ஆளை அனுப்ப முடியாது என்றால் அவரோடு ஒத்துப்போகத்தானே வேண்டும்?

விட்டுவைப்பதற்கு உதாரணம் வோடகாம், இங்கத்திய செல்போன் கம்பெனி. பிரிட்டனின் வோடஃபோன் 2009ல் அதில் தன் பங்கை 65 சதவீதமாக்கியது, 2011ல் வோடகாமின் நீல நிறம் வோடஃபோனின் சிவப்பானது, பெயர் மட்டும் அப்படியே நிற்கிறது.

நடுவில் நின்றது லண்டன் வங்கியான பார்க்லேஸ். 2005ல் இங்கத்திய அப்சா வங்கியில் பாதிக்கு மேல் வாங்கி, 2013ல் குழுமத்துக்குப் பார்க்லேஸ் ஆப்பிரிக்கா என்று பெயர் வைத்து, 2018ல் மறுபடி அப்சாவிலேயே வந்து நின்றது. பார்க்லேஸ் விலகியது வங்கி கையில் எவ்வளவு மூலதனம் வைக்கவேண்டும் என்ற விதிகளால், பழக்கவழக்கத்தால் அல்ல. ஆனால் பின்னிப்போனதைப் பிரித்துக் கொடுக்க 76.5 கோடி பவுண்டு தரவேண்டியிருந்தது. அரையும் குறையுமாகக் கலப்பதற்கு என் ஓட்டு இல்லை.

என் கட்சி விட்டுவைப்பதுதான், கணக்குவழக்கு தவிர. கணக்கு முதல் நாளிலிருந்தே ஒன்றாக இருக்கட்டும், சாப்பாடும் லீவும் உள்ளூர்க்காரர்கள் சொல்வதுபோல நடக்கட்டும். எங்களிடம் நடந்தது தலைகீழ்: கணக்கு மென்பொருள் இரண்டு வருஷம் இரண்டாகவே ஓடியது, ஆனால் எல்லோரும் பழகவேண்டும் என்று செப்டம்பர் 24, இங்கே விடுமுறையான பாரம்பரிய தினத்துக்கு 'பிராய்' என்ற சுட்ட கறி விருந்து மட்டும் தலைமை அலுவலகத்திலிருந்து திட்டம்போட்டு வந்தது. கரி அடுப்பில் முழுக்க இறைச்சி. அது புரட்டாசி! டர்பனில் இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் சாட்ஸ்வர்த்திலிருந்து வரும் ஐந்து பேர் நாலைந்து தலைமுறையாக இங்கே இருப்பவர்கள், தமிழ் பேச வராது, ஆனால் அந்த மாதம் முழுக்கக் கறியைத் தொடமாட்டார்கள். வெறும் பன்னைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தபடி நின்றார்கள், ஒருவரும் வாய் திறக்கவில்லை. மேனேஜருக்கு நான்தான் போய்ச் சொன்னேன்.

அடுத்த வருஷம் ஏற்பாட்டை அந்த ஐந்து பேரிடமே விட்டார். தனி அடுப்பில் சோளக்கதிரும் உருளைக்கிழங்கும் சுட்டார்கள், அந்த வரிசைதான் நீளம். எப்போது தயாராகும் என்று மேனேஜர் கேட்டார். "ஜஸ்ட் நவ்" என்றார்கள். அவர் நாற்காலி தேடிப் போனார்.