கணினி வகுப்பில் விஆர் விளையாட்டு: நாள்பட்டுத் தெரிவது

பாயிண்ட்டர் (நினைவகத்தில் ஒரு தரவு இருக்கும் முகவரியைச் சுட்டுவது) பாடத்துக்கு விஆர் (ஹெட்செட்டில் காணும் மெய்நிகர் உலகம்) உதவுகிறது. மற்றதற்கெல்லாம் ஹெட்செட்டை மாட்டிவிடுவது ராட்டினம் சுற்றிக் காட்டுவது மாதிரிதான்.

யூனிட்டி என்ற விளையாட்டு உருவாக்கும் மென்பொருளில் கட்டக்கூடிய எளிய லிங்க்டு லிஸ்ட் (ஒன்று அடுத்ததைச் சுட்டும் தரவுச் சங்கிலி) விளையாட்டு இது: நோடு (சங்கிலியின் கண்ணி) ஒவ்வொன்றும் ஒரு பெட்டி, அடுத்த பெட்டிக்கு ஒரு கயிறு. 10-க்கும் 30-க்கும் நடுவே 20-ஐச் செருக வேண்டும். 20-இன் கயிற்றை 30-இல் கட்டுவதற்கு முன்பே 10-இன் கயிற்றை அவிழ்த்தால், 30 முதல் பின்னாலுள்ள அத்தனையும் பள்ளத்தில் விழும். கரும்பலகை அம்புக்குறியில் பிடிபடாத வரிசை, கை தவறிய அந்த நொடியில் பிடிபடும். சார்ட்டிங்குக்கு (எண்களை வரிசைப்படுத்தும் பாடம்) இந்தப் பலன் இல்லை. பக்கத்துப் பக்கத்து எண்களை ஒப்பிட்டு இடம் மாற்றும் பபுள் சார்ட் முறையில் 8 பெட்டிக்கு 28 ஒப்பீடு; கைதான் வலிக்கும், காகிதமே போதும்.

ஒரு ஹெட்செட்டுக்கு இருவர். மாட்டியவர் செய்வதை மற்றவர் லேப்டாப் திரையில் பார்த்து, அசைவுக்கு ஒரு வரியாக புரோகிராம் எழுத வேண்டும். 15 நிமிடத்தில் இடம் மாற வேண்டும். எழுதுபவர் இல்லாவிட்டால் விளையாட்டு மட்டுமே மிஞ்சும்.

திரையைப் பகிர்வதில்தான் முதல் தகராறு. பல கல்லூரி வைஃபைகளில் ஒரு கருவி மற்றொன்றைப் பார்க்க முடியாதபடி தடுத்திருப்பார்கள். லேபுக்கென்று தனி 5 கிகாஹெர்ட்ஸ் ரவுட்டர் வைத்தால் தீரும். டியூப்லைட் அறையில் கன்ட்ரோலர் (கையில் பிடிக்கும் கருவி) நடுங்கினால், ஹெட்செட் அமைப்பில் டிராக்கிங் (அசைவைக் கேமராவால் பின்தொடர்வது) அதிர்வெண்ணை 50 ஹெர்ட்ஸாக மாற்றிப் பாருங்கள். சுவர் வெறும் வெள்ளையாக இருந்தாலும் டிராக்கிங் தடுமாறும். நாலைந்து சுவர்ப்படம் ஒட்டினால் போதும்.

தலைசுற்றலுக்குக் காரணம் பெரும்பாலும் விளையாட்டைக் கட்டிய விதம். கன்ட்ரோலரிலுள்ள ஸ்டிக்கைத் தள்ளி நடக்க வைக்காதீர்கள், இடம்விட்டு இடம் தாவ வையுங்கள். 72 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 72 படம் காட்டும்போது, ஒரு ஃபிரேமுக்கு (ஒரு படத்துக்கு) கிடைப்பது சுமார் 13.9 மில்லிநொடி. கயிறு ஒவ்வொன்றுக்கும் முழு இயற்பியல் கணக்குப் போட்டால் அது போதாது. வெறும் வளைகோடாக வரையுங்கள்.

'மங்கலாகத் தெரிகிறது' என்றால் லென்ஸ் இடைவெளியைப் பாருங்கள். குவெஸ்ட் 2 ஹெட்செட்டில் 58, 63, 68 மில்லிமீட்டர் என்று மூன்றே நிலை. கண்ணாடி அணிபவருக்கு ஸ்பேசர் (கண்ணாடிக்கு இடம் விடும் வளையம்) தேவை. உயரக் கொண்டை போட்டால் பட்டை நழுவும், தாழப் பின்னுவது நல்லது. சார்ஜ் இரண்டு, மூன்று மணி நேரம்தான் நிற்கும். அடுத்தடுத்து இரண்டு பேட்ச் வந்தால் பவர்பேங்க் வேண்டும். முகம் படும் இடத்துக்கு சிலிக்கான் உறை போட்டு, ஆள் மாறும்போதெல்லாம் துடையுங்கள். லென்ஸுக்கு உலர்ந்த மைக்ரோஃபைபர் துணி மட்டும், ஸ்பிரிட் வேண்டாம். ஜன்னலோரம் லென்ஸ் மேலே பார்க்க வைத்தால் சில நிமிட வெயிலே திரையைப் பொசுக்கிவிடும்.