அல்கொன்குயினுக்கு இலை பாக்கப் போற ஆக்கள் காசு குடுக்க முதல் இதை ஒருக்கா வாசியுங்கோ

கனடாவில ரொறன்ரோவைச் சுத்தி ஸ்காபுரோ, மார்க்கம், ஏஜாக்ஸ் பக்கம் இருக்கிற எங்கட சனத்துக்குத்தான் முக்கியமா இதை எழுதுறன். அல்கொன்குயின் எண்டது வடக்கால இருக்கிற பெரிய காட்டுப் பார்க், இலை நிறம் மாறுறதைப் பாக்கத்தான் சனம் அங்க போறது. ஒவ்வொரு வருசமும் செப்டெம்பர் பிறந்தாப் போதும், வட்ஸ்அப் குறூப் முழுக்க ஒரே மாதிரி ஒரு நோட்டீஸ் சுத்தும். சிவந்த மேப்பிள் காடு, நடுவில ஒரு ஏரி, மேல "இலையுதிர்கால வர்ணச் சுற்றுலா, அல்கொன்குயின் பார்க், டோர்செற் டவர், ஒரே நாளில்", கீழ ஒரு போன் நம்பர். எல்லாரும் கள்ளர் எண்டு சொல்ல வரேல்லை, ஒழுங்காச் செய்யிற ஆக்களும் இருக்கினம். நாங்கள் போன வருசம் மாட்டுப்பட்ட ஆளின்ர பேரை இதில போடேல்லை, அவர் செய்யிற முறையைச் சொன்னாலே ஆள் ஆரெண்டு கன பேருக்கு விளங்கும், விளங்காட்டிலும் பரவாயில்லை, அதே முறையில வேற ஆள் வந்தாலும் நீங்கள் தப்பலாம்.

ஆளுக்கு 75 டொலர், பிள்ளையளுக்கும் அதே காசு. கோச் பஸ், உள்ளுக்கு வாஷ்றூம், மத்தியானச் சாப்பாடு, பார்க் காசு, டவர் காசு எல்லாம் சேத்து எண்டு நோட்டீஸில கொட்டை எழுத்தில கிடந்தது. "பீக் கலர் உத்தரவாதம்", அதாவது இலை நிறம் உச்சத்தில இருக்கும் எண்டும் போட்டிருந்தவர். பீக் எப்ப எண்டு பார்க்கில வேலை செய்யிற ஆக்களே முன்கூட்டித் தேதி சொல்லமாட்டினம், இவர் உத்தரவாதம் குடுக்கிறார், அதை வாசிச்சு நானும் மச்சாளும் சிரிச்சனாங்கள், ஆனா அம்மா ஊரில இருந்து வந்து நிக்கிறா, வீட்டில ஆருக்கும் அவ்வளவு தூரம் காரோட நேரமில்லை, அதால புக் பண்ணினது. காசு ஈ-ட்ரான்ஸ்ஃபரில மட்டும்தான் எடுப்பார். கார்ட்டில தரட்டோ எண்டு கேட்டதுக்கு "கார்ட் எண்டா அவங்கள் கொமிஷன் வெட்டுறாங்கள் அக்கா, பிறகு உங்களுக்குத்தான் கூட வரும்" எண்டு எங்களுக்காக இரக்கப்படுற மாதிரிச் சொன்னார். அவற்ற ஈமெயிலில ஓட்டோ டெபொசிற் போட்டுக் கிடக்கு, நீங்கள் அனுப்பின கையோட அவற்ற எக்கவுண்டில விழுந்திடும், விழுந்தாப் பிறகு பாங்க்கால அதை நிப்பாட்டேலாது. ரசீது கேட்டதுக்கு வட்ஸ்அப்பில ஒரு பெருவிரல் படம் வந்தது, அவ்வளவுதான் ரசீது.

முதல் சொன்ன தேதி செப்டெம்பர் கடைசிச் சனிக்கிழமை. அது சரியான தேதிதான், அதைச் சொல்லத்தான் வேணும். அல்கொன்குயின் ரொறன்ரோவுக்கு வடக்கால, மேட்டு நிலம், குளிர் அங்க முந்தி வரும், அங்கத்த சுகர் மேப்பிள் வழமையா செப்டெம்பர் கடைசிக்கும் ஒக்டோபர் முதல் கிழமைக்கும் இடையிலதான் உச்சத்துக்கு வாறது, எங்கட ரொறன்ரோ மரங்கள் அதுக்கும் ரெண்டு மூண்டு கிழமை பிந்தித்தான். அந்தச் சனிக்கிழமைக்கு ரெண்டு நாள் முதல் மெசேஜ் வருது, "சீட் நிரம்பேல்லை, அடுத்த கிழமை போவம்". அடுத்த கிழமை "பஸ் பழுது". கடைசியா ஒக்டோபரில வாற தாங்க்ஸ்கிவிங் லீவுச் சனிக்கிழமைக்கு வைச்சார். அந்த வீக்கெண்ட் ஒன்ராறியோவில உள்ள சனம் முழுக்க கொட்டேஜுக்கும் காட்டுக்கும் வெளிக்கிடுற நாள் எண்டு இங்க ரெண்டு வருசம் இருந்த ஆருக்கும் தெரியும். வேண்டாம் காசைத் தாங்கோ எண்டு கேட்ட ஆக்களுக்கு, "சீட் போட்டாச்சு, வேணுமெண்டா வேற ஆளைப் பிடிச்சு அவையிட்ட காசை வாங்குங்கோ" எண்டு பதில். அதோட குறூப்பில அட்மின் மட்டும் எழுதலாம் எண்டு மாத்திவிட்டார். ஒருத்தர் கேக்கிறதை மற்றவர் காணக்கூடாது எண்டுதான் அது.

அண்டைக்கு விடிய ஆறு மணிக்குப் பிளாசா பார்க்கிங்கில வந்து நில்லுங்கோ எண்டார். நிண்டம். கிழடுகட்டையள், கைக்குழந்தை, எல்லாம் குளிருக்குள்ள. ஏழரை தாண்டி வந்தது கோச் பஸ் இல்லை, மஞ்சள் ஸ்கூல் பஸ். பிள்ளையள் ஏறுற அதே பஸ். அதில வாஷ்றூமும் இல்லை, பெல்ற்றும் இல்லை, சீற் சின்னப் பிள்ளையின்ர கால் அளவுக்குச் செய்தது, எனக்குப் பக்கத்தில இருந்த ஐயா கொஞ்சம் உயரம், அவருக்கு முழங்கால் முன் சீற்றில முட்டி வழி முழுக்கக் காலைப் பாதைப் பக்கம் நீட்டிக்கொண்டுதான் இருந்தவர். ஹீற்றர் முன்னுக்குத்தான் வேலை செய்யுது, பின்னுக்கு இருக்கிற ஆக்கள் ஜக்கெற்றோட. மூச்சுக் காத்தில ஜன்னல் எல்லாம் புகார் பிடிச்சு வெளியில ஒண்டும் தெரியேல்லை, துடைக்கத் துடைக்கத் திருப்பி மூடும், திறப்பம் எண்டு ரெண்டு பக்கமும் கிள்ளிக் கீழ இறக்கினா நெடுஞ்சாலைக் காத்து முகத்தில அறையும், பின்னுக்குக் குழந்தை கத்தும். இலை பாக்கப் போற பஸ்ஸில ஜன்னலால பாக்கேலாது!

400 நெடுஞ்சாலையில பாரி நகரம் வரைக்கும் கார் ஊர்வலம். வாஷ்றூம் நிப்பாட்டுங்கோ எண்டு நாலைஞ்சு பேர் கெஞ்சின பிறகு ஒரு சேர்விஸ் சென்ரரில நிப்பாட்டினார், அங்க லைன் கதவுக்கு வெளியில. பார்க்குக்கு முந்தி வாற ஹன்ட்ஸ்வில் ஊருக்கு வரவே மத்தியானம் ஒரு மணி ஆயிட்டுது. மத்தியானச் சாப்பாடு எண்டது ஆளுக்கு ரெண்டு ரோல்ஸ், ஒரு தண்ணிப் போத்தல். ரோல்ஸ் நல்லாத்தான் இருந்தது, அதில பொய் சொல்லக்கூடாது.

இனித்தான் விசயம். இதைத்தான் வடிவா வாசிக்கோணும்.

அல்கொன்குயினுக்குள்ள போய் இறங்கி நடக்கோணும், ட்ரெயில் போகோணும், விசிற்றர் சென்ரர் பாக்கோணும், ஏன் வாஷ்றூம் போகோணும் எண்டாலும் வண்டிக்கு அண்டைக்குரிய பெர்மிட் வேணும். அது மாகாணப் பார்க்குகளை நடத்துற ஒன்ராறியோ பார்க்ஸின்ர ஒன்லைனில போற நாளுக்கு அஞ்சு நாள் முதல் இருந்து எடுக்கலாம், இலை சீசன் வீக்கெண்டில அது முடிஞ்சிடும், முடிஞ்சா கேற்றில போய் நிண்டு கதைச்சுப் பிரயோசனமில்லை. ஆனா பார்க்குக்கு நடுவால போற 60ஆம் நெடுஞ்சாலை மாகாண நெடுஞ்சாலை, அதால நிப்பாட்டாமப் போறதுக்குப் பெர்மிட் தேவையில்லை. மேற்குக் கேற்றில இருந்து கிழக்குக் கேற் மட்டும் 56 கிலோமீற்றர். இவர் பெர்மிட்டே எடுக்கேல்லை. அந்த 56 கிலோமீற்றரையும் நிப்பாட்டாம ஓடிக் காட்டுறதுதான் இவற்ற டூர்.

எங்களுக்கு அது முதல் விளங்கேல்லை. மேற்குக் கேற் வரேக்க மனுசன் றைவருக்குப் பக்கத்தில எழும்பி நிண்டு, "இனிப் பார்க் தொடங்குது, எல்லாரும் வீடியோ எடுங்கோ" எண்டார். எங்க இறங்குறது எண்டு கேட்டதுக்கு "முன்னுக்கு, முன்னுக்கு". றோட்டோரம் கிலோமீற்றர் போட் ஒவ்வொண்டாப் போகுது. ஹார்ட்வுட் லுக்கவுட் எண்ட ட்ரெயில் போச்சு. 40ஆவது கிலோமீற்றர் கிட்ட லுக்கவுட் ட்ரெயில் இருக்கு, ஏறிப் போனா மலை விளிம்பில நிண்டு காட்டைக் கீழ பாக்கலாம், நோட்டீஸில கிடந்த படம் மாதிரி ஒண்டு காணலாம் எண்டா அங்கதான், அதுவும் போச்சு. 43இல விசிற்றர் சென்ரர், அதின்ர பின் மேடையில நிண்டாலே நல்ல காட்சி, நடக்கேலாத ஆக்களுக்கு அதை விட வசதியான இடம் இல்லை, அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனதே அதுக்குத்தான். அதையும் தாண்டிப் பஸ் போகுது. ஆக்கள் கத்தத் தொடங்கிட்டினம். "பார்க்கிங் ஃபுல், நான் என்ன செய்ய" எண்டார். கிழக்குக் கேற்றால வெளிய வந்து விட்னி எண்ட சின்ன ஊரில ஒரு காஸ் ஸ்டேஷனில நிப்பாட்டினார். அங்க எத்தினை வாஷ்றூம் இருக்கும், ஒரு பஸ் சனத்துக்கு? அதிலயே முக்கால் மணித்தியாலம். பிறகு வந்த வழியாலயே திருப்பி 56 கிலோமீற்றர், நிப்பாட்டாம.

விட்னியிலதான் ஒரு தம்பி போனில பாத்துப்போட்டு நேர கேட்டான், "அண்ணை, பஸ்ஸுக்குப் பெர்மிட் எடுத்தனீங்களோ, காட்டுங்கோ". மனுசன் உடன கதையை மாத்தினார், "இந்த வருசம் வெய்யில் காணாது, அதால கலரே வரேல்லை, இறங்கினாலும் பாக்க ஒண்டுமில்லை, இயற்கைக்கு நான் பொறுப்பில்லை". இதில தான் எனக்குச் சரியான கோவம் வந்தது. மஞ்சள் எண்டது இலைக்குள்ள முதலே இருக்கிற நிறம், குளிர் வர பச்சை போகும், மஞ்சள் வெளிய தெரியும், வெய்யில் குறைஞ்ச வருசமும் அது வரும். சிவப்புத்தான் அந்த நேரம் இலையில புதுசா உண்டாகிறது, அதுக்குப் பகலில நல்ல வெய்யிலும் இரவில குளிரும் இருந்தா நல்லா எடுக்கும். சரி, வெய்யில் இல்லாமச் சிவப்பு வரேல்லை எண்டே வைப்பம், அப்ப அந்தக் காஸ் ஸ்டேஷன் வாசலில நிலம் முழுக்கச் சிவந்து கிடந்தது என்ன? பஸ் படியில கூட ஈரச் சிவப்பு இலை ஒட்டிக்கிடந்தது. கலர் வந்து, மழைக்கும் காத்துக்கும் கொட்டி முடிஞ்சுது. முதல் சொன்ன தேதிக்குப் போயிருந்தா மரத்தில பாத்திருப்பம். மிஞ்சி நிண்டது அஸ்பென் மரத்து மஞ்சள், அதுவும் வடிவுதான், இல்லை எண்டு சொல்லேல்லை, ஆனா அதை ஓடுற பஸ்ஸின்ர புகார் ஜன்னலுக்குள்ளாலதான் பாத்தது.

டோர்செற் டவர் எண்டது 30 மீற்றர் உயரப் பழைய மாதிரி இரும்புக் கோபுரம், மேல ஏறினா லேக் ஒஃப் பேஸ் ஏரியும் காடும் தெரியும். நாங்கள் போய்ச் சேர வெய்யில் இறங்கிட்டுது, மலைக்கு ஏறுற றோட்டில கார் லைன். பஸ் கீழயே திரும்பிட்டுது. வீட்டை வர இரவு பதினொண்டு.

காசு திருப்பித் தாங்கோ எண்டு அடுத்த நாள் கேட்டன். "அல்கொன்குயினுக்குள்ள பஸ் போனதா இல்லையா, சொல்லுங்கோ அக்கா" எண்டார். போனதுதான்! அந்தக் கேள்வியை அவர் எத்தினை பேரிட்ட கேட்டுப் பழகியிருப்பார் எண்டு நினைச்சன். பிறகு நயாகரா கிறிஸ்மஸ் லைற் டூருக்கு ஆளுக்கு 10 டொலர் கழிவு தாறன் எண்டார். வேண்டாம் எண்டு எழுதினாப் பிறகு புளொக் பண்ணிட்டார். வாங்கிற ஆக்களைப் பாதுகாக்கிற மாகாண அரசின்ர கொன்சியூமர் புரொட்டெக்ஷன் ஒன்ராறியோவுக்கு முறைப்பாடு போட்டிருக்கிறன், ஸ்கிரீன்ஷொட் எல்லாம் சேத்து.

இந்த வருசம் போறவை செய்யக்கூடினது இதுகள்தான். ஒன்ராறியோ பார்க்ஸ் இணையத்தில ஃபோல் கலர் ரிப்போர்ட் எண்டு ஒண்டு சீசனுக்குப் போடுவினம், ஒவ்வொரு பார்க்கிலயும் எத்தினை வீதம் நிறம் மாறியிருக்கு, எத்தினை வீதம் கொட்டியிருக்கு எண்டு கிடக்கும், இலவசம், அதைப் பாத்தா "உத்தரவாதம்" எண்டவன்ர பொய் ரெண்டு நிமிசத்தில பிடிபடும். டூர்க்காரரிட்ட பெர்மிட்டைக் கேளுங்கோ, "எடுப்பம்" எண்டா விடுங்கோ, எடுத்தாப் பிறகு காசு தாறம் எண்டு சொல்லுங்கோ. எந்தெந்த இடத்தில எவ்வளவு நேரம் இறங்கி நிக்கிறது எண்டு எழுத்தில வாங்குங்கோ, "போவம்" வேற "இறங்குவம்" வேற. பஸ் ஆற்ற பஸ், சி.வி.ஓ.ஆர் (பஸ், லொறி ஓட்டுற ஆக்களுக்கான மாகாண அரசுப் பதிவு) நம்பர் என்ன எண்டு கேளுங்கோ, ஒன்ராறியோவில பத்துப் பேர் அதுக்கு மேல ஏத்துற பஸ்ஸுக்கு அந்தப் பதிவு வேணும், நேர்மையா ஓடுற ஆள் அதைச் சொல்லத் தயங்கமாட்டான். காசைக் கார்ட்டில குடுங்கோ, சொன்னதைத் தராட்டி கார்ட் கொம்பனியிட்ட முறைப்பாடு போட்டுக் காசைத் திருப்பிக் கேக்கலாம். தேதி மாத்தினாக் காசு திரும்பும் எண்டு முதலே எழுதித் தரச் சொல்லுங்கோ, இந்தத் தொழிலில தேதிதான் எல்லாம், ஒரு கிழமை பிந்தினா வேற காடு.

வயசான ஆக்களை வைச்சுக்கொண்டு ஏழெட்டு மணித்தியாலம் பஸ்ஸில இருக்கேலாது எண்டா ரூஜ் பார்க் எங்கட ஸ்காபுரோவிலயே கிடக்கு. நுழைவுக் காசு இல்லை, ஒக்டோபர் நடுவுக்குப் பிறகு அங்க நல்ல கலர். நாங்கள் பிறகு அம்மாவை அங்கதான் கூட்டிக்கொண்டு போனது, புட்டும் இடிச்ச சம்பலும் கட்டிக்கொண்டு, அவ ஆத்தங்கரையில வாங்கிலில இருந்து ஆறுதலாப் பாத்தா.

அண்டைக்கு அந்த மஞ்சள் பஸ்ஸில வந்த ஆக்கள் ஆராவது இதை வாசிச்சா, உங்கட ஈ-ட்ரான்ஸ்ஃபர் ஈமெயிலை அழிக்காமல் வைச்சிருங்கோ, எனக்கு மெசேஜ் போடுங்கோ. தனித்தனியா எழுதாமச் சேந்து ஒரு முறைப்பாடாப் போடுவம், இப்ப மூண்டு குடும்பம் சேந்திருக்கு. ஆள் இந்த வருசமும் அதே படத்தைப் போட்டு நோட்டீஸ் விட்டிட்டார், நம்பர் மட்டும் புதுசு, விலை 85.