ஜேக்வெரி யூஐ டயலாக்: பட்டன் மாற்றுவது சுலபம், ஆனால் ஃபோகஸைப் பாருங்கள்

பழைய அட்மின் பேனல் ஒன்றைப் பராமரிக்கும் வேலை தலையில் விழுந்தவர்களுக்கு, பக்கத்தின் மேல் சிறு பெட்டியைத் திறந்து காட்டும் ஜேக்வெரி யூஐ டயலாக் நன்றாகவே பழகியிருக்கும். 2007-ல் வந்த ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி, இன்னும் ஓடுகிறது. இழுக்கலாம், அளவு மாற்றலாம், அதெல்லாம் தெரிந்ததுதான், நான் பட்டன்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

டயலாக் திறந்திருக்கும்போதே பட்டன்களை மாற்ற ஒரே வரி போதும். டயலாக்கின் அமைப்புகளை மாற்றும் ஆப்ஷன் மெத்தடைக் கூப்பிட்டு, 'பட்டன்ஸ்' என்ற பெயரோடு புதுப் பட்டியலைக் கொடுத்தால் வேலை முடிந்தது. முதல் திரையில் 'அடுத்து', கடைசியில் 'பின்செல்', 'சேமி' என்று படிப்படியாகப் போகும் ஃபார்முக்கு இது அருமை. காலிப் பட்டியல் கொடுத்தால் கீழே இருக்கும் பட்டன் பட்டையே மறைந்துவிடும்.

சிக்கல் எங்கே என்றால், அந்த ஒரு வரிக்குப் பின்னால் டயலாக் பழைய பட்டன் அத்தனையையும் தூக்கிப் போட்டுவிட்டு எல்லாவற்றையும் புதிதாக உருவாக்குகிறது. நீங்கள் தனியாகச் சேர்த்த சிஎஸ்எஸ் கிளாஸ், டிசேபிள் செய்து வைத்த நிலை, எல்லாம் போச்சு. மவுஸ் பிடிப்பவருக்கு இது தெரியவே தெரியாது. கீபோர்டில் 'அடுத்து' மேல் என்டர் தட்டியவருக்கோ, ஃபோகஸ் (அதாவது கீ அழுத்தினால் அதைப் பெறும் இடம்) இருந்த பட்டனே காணாமல் போய், ஃபோகஸ் டயலாக்குக்கு வெளியே போய்விடுகிறது, எஸ்கேப் அழுத்தினாலும் மூடாது, ஏனென்றால் அந்தக் கீயை டயலாக் தனக்குள் ஃபோகஸ் இருந்தால்தான் கவனிக்கும். அதனால் பட்டியலை மாற்றிய அடுத்த வரியிலேயே புதுப் பட்டனுக்கு ஃபோகஸ் கொடுத்துவிடுங்கள்.

'சேமி'யைக் கொஞ்ச நேரம் முடக்கி வைக்கவோ 'சேமிக்கிறது...' என்று எழுத்தை மாற்றவோ இந்த 'பட்டன்ஸ்' ஆப்ஷனைத் தொடவே வேண்டாம். பட்டன்களை ஆப்ஜெக்டாக (பெயரும் மதிப்புமான ஜோடிகளாக) எழுதாமல் அரேயாக (வரிசைப் பட்டியலாக) எழுதி ஒவ்வொன்றுக்கும் ஐடி வைத்தால், அந்த ஒரு பட்டனை மட்டும் பிடித்து ஜேக்வெரி யூஐயின் பட்டன் விட்ஜெட்டில் உள்ள 'டிசேபிள்', 'லேபிள்' வழியாக மாற்றலாம். ஆப்ஜெக்டில் பட்டன் பெயரேதான் கீ, ஒரே பெயரில் இரண்டு பட்டன் வைக்கக்கூட முடியாது. இவ்வளவு வருஷமாகியும் பல எடுத்துக்காட்டுகள் அந்த ஆப்ஜெக்ட் வழியையே காட்டுவது எரிச்சல்தான்.

புதிதாக ஆரம்பிப்பவர்கள் இதற்காக ஜேக்வெரியை இழுத்து வர வேண்டியதில்லை. எச்டிஎம்எல்லின் சொந்த டயலாக் எலிமென்ட் குரோமில் 2014-லேயே வந்துவிட்டது, ஃபயர்பாக்ஸும் சஃபாரியும் 2022 மார்ச்சில் சேர்ந்துகொண்டன. அதில் பட்டன்கள் சாதாரண பட்டன்கள்தான், வேண்டியதைக் காட்டி வேண்டாததை மறைத்தால் போதும். இழுத்து நகர்த்தும் வசதி மட்டும் கிடையாது, அது கட்டாயம் வேண்டுமென்றால் பழையதிலேயே இருங்கள்.