பூச்சாடிப் பவுடர்: குறை பைக்குள்ளா, கிணற்றுக்குள்ளா?

மண்டபச் சோடனை வேலை தொடங்கியிருக்கும் தோழி ஒருத்தி, "அந்தப் பூப் பவுடர் வாங்கலாமோ?" என்று கேட்டிருந்தா. வெட்டிய பூ வாடாமல் நிற்கச் சாடித் தண்ணீரில் கரைக்கிற பவுடர் அது; சீனி, சித்திரிக் அமிலம், கிருமிகொல்லி மூன்றும் கலந்தது. அவவுக்கும், கிணற்றுத் தண்ணீரை நம்பிப் பூ வைக்கிற மற்றவர்களுக்கும் இது.

பவுடர் வேலை செய்யும், அதில் சந்தேகமில்லை. சீனி மொட்டை விரிய வைக்கும். சித்திரிக் அமிலம் தண்ணீரின் பி.எச். அளவை (புளிப்பைக் காட்டும் எண்; குறையக் குறையப் புளிப்புக் கூட) 3.5 முதல் 5 வரைக்குள் இறக்கித் தண்டுக்குள் தண்ணீர் ஏற வழிவிடும். கிருமிகொல்லி, வெட்டுவாயில் வழுவழுப்புப் படிந்து அடைக்காமல் பார்க்கும். நல்ல தண்ணீரில் நுவரெலியா ரோசாவும் செவ்வந்தியும் நிமிர்ந்து நிற்பதைப் பார்த்தால் குறை சொல்ல மனம் வராது.

ஆனால் பையின் பின்பக்கத்தை வாசித்தால் எரிச்சல்தான் வருகிறது. "அரை லீற்றர் தண்ணீரில் கரைக்கவும்." எந்தத் தண்ணீரில்? கேத்தில் அடியில் வெள்ளைக்கல் படிகிற கிணறு என்றால், அதில் கரைந்திருக்கும் இருகாபனேற்று என்ற உப்பு பவுடரின் அமிலத்தை விழுங்கிவிடும். பி.எச். இறங்காது, சீனி மட்டும் மிஞ்சும். அது பற்றீரியாவுக்கு விருந்து. தண்ணீர் கலங்கி, தண்டு வழுவழுத்து, பூத் தலை சாயும். பிறகு கடைக்காரரோடு சண்டை. இதை ஒரு வரியில் பையிலேயே எழுதியிருக்கலாம்.

தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, அடியில் படிந்ததைக் கலக்காமல் மேல்தண்ணீரை வடித்தெடுத்தால் தற்காலிக வன்மையில் (கொதித்தால் கல்லாகப் படிகிற பங்கில்) பெரும்பகுதி போகும். உவர் போகாது. புளோரைட்டும் போகாது. வவுனியாப் பக்கத்துக் குழாய்க்கிணறுகள் சிலவற்றில் புளோரைட் கூட. லீற்றருக்கு 1 மில்லிகிராம் இருந்தாலே ஜேர்பரா இதழோரமும் கிளாடியோலஸ் இலைநுனியும் கருகத் தொடங்கும். அந்த இடங்களில் ஆர்.ஓ. தண்ணீர்தான் (உப்புகளை வடிகட்டி நீக்கிய தண்ணீர்) வழி. மாரியில் முதல் மழையில் கூரை கழுவுப்பட விட்டு, அதற்குப் பிறகு பிடிக்கிற மழைத்தண்ணீர் எல்லாவற்றையும்விடத் திறம்.

அடுத்தது அளவு. மிச்சம் பிடிக்க நினைத்து ஒரு பையை ஒன்றரை லீற்றரில் கரைக்க வேண்டாம். கிருமிகொல்லி ஐதானால் பவுடர் போடாமல் விடுவதே மேல். பித்தளைச் செம்பிலும் ஊற்ற வேண்டாம், அமிலம் உலோகத்தை அரிக்கும். கண்ணாடி அல்லது பிளாஸ்ரிக் வாளி போதும்.

பவுடர் கிடைக்காவிட்டால் வீட்டுக் கலவை இருக்கிறது. 1 லீற்றர் தண்ணீருக்குச் சீனி 1 மேசைக்கரண்டி, தேசிக்காய்ப்புளி 2 மேசைக்கரண்டி, துணி வெளுக்கிற, வாசனை சேர்க்காத குளோறின் திரவம் கால் தேக்கரண்டி. புளியும் சீனியும் முழுத் தண்ணீரிலும் கரைந்த பிறகே குளோறின். புளியோடு நேரே சேர்த்தால் நச்சுவாயு கிளம்பும். வன்னீர் (கல் படிகிற தண்ணீர்) என்றால் புளியைக் கொஞ்சம் கூட்டி, பி.எச். தாளை நனைத்துப் பாருங்கோ. அஸ்பிரினும் செப்புக் காசும் போடுகிறவர்கள் போடட்டும், பூவுக்குப் பெரிதாக ஒன்றும் நடக்காது.

பவுடரால் முடியாததும் உண்டு. மலைநாட்டிலிருந்து இரவு முழுக்கப் பயணப்பட்டு வரும் ரோசாவின் தண்டுக்குள் காற்றுப் புகுந்திருக்கும். தண்ணீருக்குள் வைத்தபடியே 2 - 3 சென்ரிமீற்றர் சரிவாக வெட்ட வேண்டும். கழுத்து மடிந்திருந்தால் பத்திரிகைத் தாளில் இறுக்கிச் சுற்றி, இளஞ்சூட்டுத் தண்ணீரில் கழுத்துவரை இரண்டு மணித்தியாலம் விடுங்கோ. ஜேர்பராவுக்கு ஆழத் தண்ணீர் கூடாது, தண்டு அழுகும். தண்ணீருக்குள் நிற்கிற இலைகளைக் கழற்றுங்கோ. அந்தூரியத்தைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்தால் கறுக்கும். பழுக்கிற மாம்பழத்துக்கும் சாம்பிராணிப் புகைக்கும் பக்கத்தில் ஓர்கிட்டும் கார்னேசனும் வைக்க வேண்டாம், இரண்டிலிருந்தும் வரும் எதிலீன் வாயு பூக்களைச் சீக்கிரம் முதுமையாக்கும். சோளகக் காற்று நேரே அடிக்கிற யன்னலோரத்தில் எந்தப் பவுடரும் தோற்கும்.

ஆகவே தோழிக்கு: வீட்டுக்கு வாங்காதேங்கோ, மேலே சொன்ன தேசிக்காய்க் கலவை போதும். சோடனைக்கு என்றால் பெட்டியாக வாங்குங்கோ, கூடவே ஆர்.ஓ. தண்ணீருக்கும் காசு ஒதுக்குங்கோ. பவுடருக்கு என் புள்ளி ஐந்துக்கு இரண்டரை. கார்த்திகை மழைக்குள், மழைத்தண்ணீர் கையில் இருக்கும்போது கேட்டிருந்தால் நாலரை என்று எழுதியிருப்பன்.