50,000 டவுன்லோடு தருகிறேன் என்று அழைப்பு வந்தால்: பாட்காஸ்ட் நடத்தும் தமிழர்களுக்கு ஓர் எச்சரிக்கை

நானும் என் மச்சானும் இரண்டரை வருடமாக மும்பைத் தமிழர்களின் கதைகளைப் பதிவு செய்து பாட்காஸ்டாகப் போடுகிறோம். ஞாயிற்றுக்கிழமைகளில் தாராவி, மாட்டுங்கா, சயான் கோலிவாடா, செம்பூர் என்று வீடு வீடாகப் போவோம். தோல் கிடங்கில் வேலை பார்த்தவர்கள், விடியற்காலையில் இட்லி அவித்துத் தெருத்தெருவாக விற்றவர்கள், ரயிலேறி வந்த முதல் நாளை இன்னும் மறக்காதவர்கள். ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடங்கும்வரை காத்திருந்து பதிவு செய்வோம். ஒரு பகுதியை 180 பேர் கேட்பார்கள். நன்றாக அமைந்த பகுதி என்றால் 250.

இந்த 180 பேரும் சும்மா வந்துவிடவில்லை. பொங்கலன்று தாராவி 90 அடி ரோட்டில் பெண்கள் வரிசையாகப் பானை வைப்பார்கள் அல்லவா, அங்கே க்யூஆர் கோடு அச்சடித்த 300 அட்டைகளைக் கையில் கொடுத்தோம். அதில் 43 பேர் ஃபாலோ செய்தார்கள். ஒவ்வொரு பகுதியிலிருந்தும் இரண்டு நிமிடத் துண்டு ஒன்றை வெட்டி, பேசியவரின் குடும்பத்து வாட்ஸாப் குழுவுக்கு அனுப்புவோம். அது அம்பாசமுத்திரம், நாங்குநேரி வரை போய் அங்கிருந்து ஆட்கள் வந்தார்கள். மெதுவாகத்தான் வளர்ந்தது. அந்த மெதுவில் எங்களுக்கு ஒரு சோர்வு வந்திருந்த நேரத்தில்தான் அந்த அழைப்பு வந்தது.

பேசியவர் நல்ல தமிழில் பேசினார். அந்தேரியில் டிஜிட்டல் மார்க்கெட்டிங் ஏஜென்சி என்றார். முதலில் ‘சார்’ போட்டார். எங்கள் ஊர் திருநெல்வேலிப் பக்கம் என்று தெரிந்ததும் ‘அண்ணாச்சி’ என்று மாறிவிட்டார். “உங்க கன்டென்ட் தங்கம் அண்ணாச்சி, வெளிய தெரியாமக் கிடக்கு. 90 நாள்ல 50,000 டவுன்லோடு, ஆப்பிள் சார்ட்ல இடம், 200 ஃபைவ் ஸ்டார் ரிவ்யூ, எல்லாம் எங்க பொறுப்பு” என்றார். கட்டணம் 42,000 ரூபாய், அதற்கு மேல் 18% ஜிஎஸ்டி. மொத்தம் 49,560. இரண்டு தவணையாக யூபிஐயில் அனுப்பினோம். பணம் போய்ச் சேர்ந்தது ஏஜென்சியின் பெயரில் அல்ல, ஒரு தனி ஆளின் பெயரில். கேட்டதற்கு, “அக்கவுன்ட்ஸ் பாக்குற தம்பியோட நம்பர்” என்றார். அந்த இடத்திலேயே நிறுத்தியிருக்க வேண்டும்.

முதல் ஒன்பது நாளில் எங்கள் ஹோஸ்டிங் கணக்கில், அதாவது பகுதிகளை ஏற்றி வைக்கும் தளத்தில், டவுன்லோடு 11,400 ஆனது. மச்சான் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு ராத்திரி பதினோரு மணிக்கு என்னை எழுப்பினான். இரண்டு பேரும் டீ போட்டுக் குடித்துக்கொண்டே திரும்பத் திரும்பப் பார்த்தோம். அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

சந்தேகம் எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், உங்களுக்கு உதவும். ஹோஸ்டிங் கணக்கு காட்டுவது ஒரு எண். ஸ்பாட்டிஃபை ஃபார் கிரியேட்டர்ஸும் ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ் கனெக்டும் அவரவர் ஆப்பில் கேட்டவர்களைத் தனித்தனியாகக் காட்டும். ஹோஸ்டிங்கில் 11,400 என்று நின்றபோது இந்த இரண்டிலும் அதே பழைய ஆட்கள்தான் இருந்தார்கள், ஒருவர்கூடக் கூடவில்லை. கூடியது எல்லாம் எந்த ஆப் என்றே தெரியாத கணக்கில், வெப் பிரவுசர் வழியாக வந்திருந்தது. நாடுகளைப் பார்த்தால் பிரேசில், பிலிப்பைன்ஸ், வியட்நாம். தாராவிக்காரர் ஒருவர் நெல்லைத் தமிழில் பேசுவதை அங்கே ஆயிரக்கணக்கில் யார் கேட்கப் போகிறார்கள்?

“எல்லாம் பாட்டா, ஆள் இல்லாம மென்பொருளே இறக்குறதா?” என்று ஏஜென்சிக்காரரிடம் போனில் கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “பாட் இல்ல அண்ணாச்சி, அத்தனையும் நிஜ மனுஷங்க. கேம் ஆடுறவங்க” என்றார். அப்புறம்தான் புரிந்தது. மொபைல் கேமில் காசு சேர்ப்பதற்காக ஒரு விளம்பரத்தைத் தட்டுவார்கள். அதில் எங்கள் பகுதி தானாக ஓட ஆரம்பிக்கும். கேம் ஆடுகிறவர் காசு வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

இது எப்படி டவுன்லோடாகக் கணக்கில் ஏறுகிறது என்றால், ஐஏபி என்ற விளம்பரத் துறை அமைப்பின் அளவுகோலைத்தான் பெரும்பாலான ஹோஸ்டிங் நிறுவனங்கள் பின்பற்றுகின்றன. ஒரு நிமிட ஒலிக்கு உண்டான அளவு தரவு இறங்கிவிட்டால் அது ஒரு டவுன்லோடு. காதில் விழுந்ததா என்பதை அது பார்ப்பதில்லை, பார்க்கவும் முடியாது. அதே போன், அதே இணைய முகவரியிலிருந்து 24 மணி நேரத்துக்குள் மறுபடி இறக்கினால் ஒன்றாகவே எண்ணும். பாட் என்று தெரிந்தவற்றைக் கழித்துவிடும். ஆனால் கேம் ஆடுகிறவர்கள் ஆளுக்கொரு நிஜ போன் வைத்திருக்கிறார்கள், ஆளுக்கொரு முகவரி. எந்தச் சல்லடையிலும் சிக்குவதில்லை. 2022 செப்டம்பரில் ப்ளூம்பெர்க் இதைப் பற்றி ஒரு செய்தி வெளியிட்டிருக்கிறது. அமெரிக்காவில் பெரிய நிறுவனங்களே இந்த வழியில் டவுன்லோடு வாங்கியிருக்கின்றன.

ஆப்பிள் பாட்காஸ்ட் ஆப்பின் முன்னணிப் பட்டியலான ஆப்பிள் சார்ட்டின் கதையும் இப்படித்தான். எங்கள் பாட்காஸ்ட் 30ஆம் இடத்தில் இருப்பதாக ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார். பெரிதாக்கிப் பார்த்தால், தமிழர்கள் அதிகம் இல்லாத ஒரு சின்ன நாட்டின் பட்டியல், அதிலும் ஒரு உட்பிரிவு. ஆப்பிள் சார்ட் நாட்டுக்கு நாடு, பிரிவுக்குப் பிரிவு தனித்தனி. போட்டியில்லாத பட்டியலில் ஏற நிறைய ஆட்கள் தேவையில்லை. விலைக்கு வாங்கிய ரிவ்யூக்களோ சார்ட்டுக்குச் சல்லிக்காசு பிரயோஜனமில்லை. ரேட்டிங், ரிவ்யூ எதையும் சார்ட் கணக்கில் சேர்ப்பதில்லை என்று ஆப்பிளே சொல்லியிருக்கிறது.

இதற்குள் மாட்டுங்காவில் காபித்தூள் கடை வைத்திருக்கும் ஒருவர் அந்த 11,400ஐப் பார்த்துவிட்டு ஒரு பகுதிக்கு 5,000 ரூபாய் விளம்பரம் தர முன்வந்தார். எங்கள் பாட்காஸ்டின் பெயரைச் சொன்னால் தள்ளுபடி என்று அறிவித்தோம். கடைக்கு வந்தது மூன்று பேர், மூவரும் எங்கள் பழைய நேயர்கள். விஷயம் தெரிந்த அன்றே பணத்தைத் திருப்பிக் கொடுத்து உள்ளதைச் சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அரைக் கிலோ பொட்டலம் ஒன்றைக் கட்டிக் கையில் கொடுத்தார். அதை வாங்கவே எனக்குக் கூசியது.

இதுவரை சொன்னதெல்லாம் பணம், எண்ணிக்கை. அதன்பின் அவர்கள் செய்த காரியத்தைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

செம்பூரில் 75 வயதுத் தாத்தா ஒருவர். அறுபதுகளின் கடைசியில், தென்னிந்தியர்களுக்கு எதிராகக் கிளர்ச்சி நடந்த காலத்தில், பரேல் பக்கம் ஒரு ஓட்டலில் சப்ளையராக இருந்தவர். ஓட்டலில் கல் விழுந்த அன்று ஓடியதைச் சொன்னார். பின்னால் துரத்தியவர்கள் போட்ட கோஷத்தைச் சொன்னார். அப்புறம், பக்கத்துச் சாலில் (வரிசை வீட்டுக் குடியிருப்பில்) இருந்த ஒரு மராத்தி அம்மா கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கட்டிலுக்கு அடியில் படுக்க வைத்ததையும், இரண்டு ராத்திரி பாக்ரி ரொட்டியும் வெங்காயமும் கொடுத்ததையும், தேடி வந்தவர்களிடம் “இங்க என் பிள்ளைங்கதான் இருக்காங்க” என்று வாசலை மறித்து நின்றதையும் சொன்னார். அந்த அம்மாவை ‘ஆயி’ என்று சொல்லும்போதே அவருக்குக் குரல் உடைந்துவிட்டது. 48 நிமிடப் பகுதியில் ஆயியைப் பற்றி மட்டும் 20 நிமிடம் பேசியிருக்கிறார்.

ஏஜென்சி அதிலிருந்து 40 விநாடி ரீல் வெட்டியது. கல், ஓட்டம், கோஷம், அவ்வளவுதான். ஆயி இல்லை. மேலே சிவப்பு எழுத்தில் மராத்தியர்களைத் திட்டி ஒரு தலைப்பு. எங்களைக் கேட்காமல் எங்கள் பக்கத்திலும் அவர்களுடைய வேறு இரண்டு பக்கங்களிலும் போட்டுவிட்டார்கள். ஒரே நாளில் கமென்ட் முழுக்க இரண்டு பக்கமும் வசவு. தாத்தாவின் பேத்தி படிக்கும் கல்லூரிவரை போய்விட்டது. அவள் போன் செய்து, “அண்ணா, தாத்தா சாப்பிடாம உக்காந்திருக்காரு. மாடி வீட்டு மராத்திக்காரங்க மொகத்துல எப்படி முழிக்கன்னு கேக்காரு” என்றாள்.

ஏஜென்சிக்காரரிடம் எடுக்கச் சொன்னேன். “ரீச் பாருங்க அண்ணாச்சி, இப்ப எடுத்தா அல்காரிதம் விழுந்துரும்” என்றார். எங்கள் பக்கத்தில் நானே நீக்கினேன். அவர்கள் பக்கங்களில் இருந்ததை யூடியூப், இன்ஸ்டாகிராம் இரண்டிலும் காப்புரிமைப் புகார் போட்டு நீக்க நான்கு நாள் ஆனது. ஒலிப்பதிவு நம்முடையது என்றால் இந்த வழி வேலை செய்யும், தயங்க வேண்டாம்.

அப்போதுதான் இன்னொன்றும் கண்ணில் பட்டது. வேலைக்காக ஹோஸ்டிங் பாஸ்வேர்டைக் கொடுத்திருந்தோம். பகுதிகளை எல்லா ஆப்களுக்கும் கொண்டுபோகும் ஆர்எஸ்எஸ் ஃபீட் என்ற இணைப்பில் உரிமையாளரின் மின்னஞ்சல் அவர்களுடையதாக மாறியிருந்தது. பாட்காஸ்ட் யாருடையது என்று மற்ற தளங்கள் சரிபார்க்க அந்த மின்னஞ்சலைத்தான் கேட்கும். அன்றே மாற்றி, எல்லாப் பாஸ்வேர்டையும் புதிதாக்கினோம். யாருக்காவது வேலை கொடுத்தால் பாஸ்வேர்டைத் தராதீர்கள். யூடியூப் ஸ்டூடியோவில் எடிட்டர் என்று மட்டும் அனுமதி கொடுத்து, வேண்டாம் என்றால் எடுத்துவிடலாம்.

பில்லை அதன்பிறகுதான் நிதானமாகப் பார்த்தேன். முகவரி அந்தேரி. ஆனால் ஜிஎஸ்டி எண் 29இல் ஆரம்பித்தது. மகாராஷ்டிரத்துக்கு 27, கர்நாடகத்துக்குத்தான் 29. ஜிஎஸ்டி இணையதளத்தில் எண்ணைப் போட்டுத் தேடினால் அப்படி ஒரு பதிவே இல்லை. வரி என்று வாங்கிய 7,560 ரூபாயும் அவர்கள் பைக்குள் போயிருக்கிறது. இந்தத் தேடலுக்கு லாகின்கூட வேண்டாம், ஒரு நிமிட வேலை. பணம் கொடுப்பதற்கு முன்னால் செய்துவிடுங்கள்.

சைபர் கிரைம் உதவி எண் 1930க்கு அழைத்தேன், சைபர் கிரைம் தளத்திலும் புகார் பதிந்தேன். பில், யூபிஐ ரசீது, வாட்ஸாப் பேச்சு எல்லாம் இணைத்திருக்கிறேன். பணம் போன உடனே அழைத்தால்தான் அந்தக் கணக்கை முடக்க வழி உண்டு. நான் இரண்டு மாதம் கழித்து அழைத்தேன். நுகர்வோர் உதவி எண் 1915இலும் பதிந்திருக்கிறேன். இதுவரை ஒரு ரூபாய் திரும்பவில்லை. அந்த ஆளின் நம்பர் இப்போது உபயோகத்தில் இல்லை, வேறு நம்பரில் வேறு பெயரில் வருவார். அண்ணாச்சி என்பார், 90 நாள் என்பார், 50,000 என்பார்.

எங்களிடம் பேச ஒத்துக்கொண்டிருந்த மூன்று குடும்பங்கள் ரீலைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டன. அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. போன ஞாயிறு தாத்தா வீட்டுக்குப் போனேன். பகுதியை மொத்தமாக நீக்கிவிடட்டுமா என்று கேட்டேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “எடுக்காத தம்பி. ஆயி பேசுன எடத்த மொதல்ல போடு” என்றார்.